எனக்கு வராமல் போன தட்டு

நான் சாப்பாட்டுப் பிரியை, இன்ஸ்பெக்டர் ஐயா. புது ஊரில் தேவாலயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்படி வாசனையைத் தேடிப் போகிறவள். நடந்துகொண்டே சொல்கிறேனே, உட்கார்ந்தால் கால் குறுகுறுக்கிறது.

என் கணவர் பக்கீசியோ ஓய்வு பெற்றதும் காரில் இத்தாலி முழுக்க ஊர் ஊராகக் கிளம்பினோம். நான் சாப்பிடப் போனேன், அவர் குறை சொல்லப் போனார். பொலோன்யாவில் இறைச்சிக் குழம்பு ஊற்றிய பாஸ்தா வந்தது. "நம்மூருக் கழுதைகூட இதுல வாய் வைக்காது" என்றார். பியமோந்தேயின் ஒயின் ஊறுகாய்க்குத்தான் லாயக்கு என்றார். எங்கள் தீவு சார்தீனியாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஆட்டுப்பால் சீஸை எல்லார் முன்னாலும் எடுத்து வெட்டுவார். எனக்கு மானம் போகும்.

அவருக்கு ஃபாவா மொச்சை ஆகாது. எங்கள் தீவில் பல குடும்பங்களுக்கு இருக்கிற கோளாறுதான். தின்றால் ரத்த அணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். சின்ன வயதில் ஒருமுறை செத்துப் பிழைத்தவர். அதனால் கல்யாணமானதிலிருந்து வெளியே எங்கே சாப்பிட்டாலும் முதல் கரண்டி எனக்கு. நான் தலையாட்டினால்தான் தொடுவார். மொச்சை என்றால் உடனே எழுந்துவிடுவார், நானும் எழ வேண்டும். எத்தனை நல்ல சாப்பாட்டை ஒரு கரண்டியோடு விட்டு வந்திருப்பேன். பிறகு காரில் பசியோடு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். மனசு ஓரிடத்தில் நிற்காது.

பூலியாவில் ஒரு சின்ன உணவகத்தில் அவர் கை கழுவப் போயிருந்தார். கடைக்காரி நுன்சியாத்தா என் பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"சார்தீனியாவாம்மா? இன்னைக்கு மொச்சை மசியல். யாருக்காச்சும் ஆகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"எங்களுக்கு எல்லாம் ஆகும்க்கா" என்றேன்.

வெண்ணெய் மாதிரி மசித்து, மேலே கசப்புக் கீரையும் ஆலிவ் எண்ணெயும். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. இதையும் விட்டுவிட்டு எழ முடியாது என்று தோன்றியது. தலையாட்டினேன்.

"என்னடி இது?"

"கொண்டைக்கடலை."

வழித்துச் சாப்பிட்டார். வெளியூர்ச் சாப்பாட்டை அவர் பாராட்டி அன்றுதான் கேட்டேன். "உன் சமையலுக்கு இது எவ்வளவோ தேவல" என்று சொல்லி, என் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் கண் மஞ்சளாகியிருந்தது. சிறுநீர் கறுத்துப் போவதாகச் சொன்னார். முந்தின நாள் குடித்த ஒயினாக இருக்கும் என்றேன். "டாக்டர்கிட்ட போலாமாடி" என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார். இனி நானே ஓட்டுகிறேன், அடுத்த ஊர் லெச்சேயில் பார்க்கலாம் என்றேன். லெச்சேயில் அவர் பின்சீட்டில் படுத்திருக்க, பால்கூழ் அடைத்த சுடச்சுடப் பணியாரம் இரண்டு சாப்பிட்டேன். அதற்கடுத்த ஊர் ஓத்ராந்தோவில் சிப்பி. அங்கே விடுதி அறையில் அவர் மூச்சு நின்றபோது நான் கீழே ஒயின் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்துதான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான். தலையாட்டும்போதும் தெரியும், மருத்துவமனையைத் தாண்டி ஓட்டும்போதும் தெரியும். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, ஐயா. ஒரு தட்டோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார். என் தட்டை அவர் எடுத்திருக்கக் கூடாது.