லேமினேஷன் போட்டவன் பேசுகிறேன்

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்று, கழுத்தில் மாலையின் பாரத்தையும் காதில் மைக்கின் கூச்சலையும் ஒருசேரத் தாங்கி வீற்றிருக்கும் உயர்தகுதி வாரியத்தின் துணை இயக்குநர், பெருமதிப்புக்குரிய சீனிவாசராகவன் ஐயா அவர்களே! எங்கள் மன்றத்தைத் தன் வீடுபோல் நடத்திவரும் அம்புஜம் அம்மா அவர்களே! பத்தாம் வகுப்புவரை எங்கள் பிள்ளைகளோடு பாடாய்ப்பட்ட பெர்னதெத் டீச்சர் அவர்களே! வேலை முடிந்து வீட்டுக்கும் போகாமல் நேராக வந்திருக்கும் ஸ்ரீராம்புரத்துப் பெரியோர்களே! குக்கரை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! "இந்த ஆள் எப்போது முடிப்பான், பிரியாணி எப்போது போடுவார்கள்" என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! முதல் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாலகுமாரின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

கை தட்டாதீர்கள். தட்டலாமா வேண்டாமா என்று கடைசியில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே மண்டபத்தில் வாரியத்து அதிகாரிகள் வந்து முழங்கினார்கள். பதினாறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பி.யூ.சி. என்கிற பிளஸ் டூ படிப்பு ஒரு பழைய பஞ்சாங்கம் என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். உண்மைதானே! பி.யூ.சி.யில் என்ன இருந்தது? பாடம் இருந்தது. பரீட்சை இருந்தது. மதிப்பெண் இருந்தது. சே, என்ன பிற்போக்குத்தனம்! அதற்குப் பதிலாக வந்ததுதான் "ஒருங்கிணைந்த பன்முக மேல்நிலை உயர்தகுதிச் சான்றிதழ்". பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களுக்கு அதற்கே பத்து மதிப்பெண் தரலாம்.

அந்தச் சான்றிதழின் அழகை என்னவென்று சொல்வேன்! கொட்டை எழுத்தில் வாரியத்தின் பெயர். மின்னும் முத்திரை ஒரு மூலையில், க்யூ.ஆர். கோடு மறு மூலையில். திறன் சுட்டெண், தரப்புள்ளி, வளர்நிலை, வாழ்வியல் குறியீடு! எல்லாம் இருக்கிறது. அதோ மூன்றாவது வரிசையில் நீலச்சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் முனியப்பண்ணன் தன் மகள் மகாவின் சான்றிதழை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, பாஸா ஃபெயிலா, அத்த சொல்லு மொதல்ல" என்று கேட்டாராம். பதினொரு நிபுணர் குழுக்களுக்குத் தோன்றாத கேள்வி!

பாஸ்தான். சும்மா பாஸ் இல்லை, இந்தப் புதுச் சான்றிதழ் வாங்கிய முதல் அணியில் நம் பகுதியிலிருந்து தேறிய இருபத்தாறு பேரில் மகாதான் முதல். அதற்குத்தான் இந்த மாலை, இந்த மேடை.

முனியப்பண்ணனை உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக இந்த நகரத்துத் தெருக்களைக் கூட்டுகிறவர். பத்தாவதைத் தாண்டிய சான்றிதழ் என்று அவர் வீட்டுக்குள் வந்த முதல் தாள் அது. வந்த அன்றைக்கே அதைத் தினசரித்தாளில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து என் கடைக்குக் கொண்டுவந்தார். "குமாரு, மழ வந்தா வூடு ஒழுகுதுப்பா. ரெண்டு பக்கமும் நல்லா கெட்டியா போட்டுடு" என்றார். நான் என்ன செய்தேன்? "முதல் அணி மாணவச் செல்வங்களுக்கு லேமினேஷன் இலவசம்" என்று பலகையே மாட்டியிருந்த கொடை வள்ளல் அல்லவா நான்! கெட்டியாகப் போட்டேன். இருபத்தாறு பேருக்கும் போட்டேன். ஒரு குமிழிகூட இல்லாமல் போட்டேன்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்துக்கொண்டேதான் போட்டேன்.

போன வியாழக்கிழமை மகாவுக்கு ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்தது. முதல் பட்டியலிலேயே பெயர். அப்பாவும் மகளும் போனார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் சான்றிதழைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு கட்டம். சேரும் கல்லூரி அதில் மையால் முத்திரை குத்த வேண்டுமாம். குத்தினார். வழுக்கியது. மறுபடி குத்தினார். விரல் பட்டதும் அழிந்தது. "ஏனம்மா இது, லேமினேஷன் மாடிஸ்பிட்டிதீரா? இங்க் நில்லல்லா. ஹொஸ காப்பி தகொண்டு பன்னி" என்று கன்னடத்தில் சலித்துக்கொண்டு, புதுப் பிரதி வாங்கிவரச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக்கில் மை நிற்காது என்பது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? பிரித்தெடுக்கலாமே என்பீர்கள். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். தொழில் தெரிந்தவன் சொல்கிறேன்.

புதுப் பிரதிக்கு வாரியத்துக்கு ஓடினார்கள். தொண்ணூறு நாள் ஆகும் என்றார்கள். சேர்க்கைக்குக் கடைசி நாள் எது தெரியுமா? வருகிற திங்கட்கிழமை. இன்று சனி. கூடவே ஒரு படிவத்தையும் கொடுத்தார்கள். இதோ, என் கையில் இருக்கிறது. படிக்கிறேன், தாய்மார்களே, கேளுங்கள்: "என் பொறுப்பின்மையால் சான்றிதழைச் சேதப்படுத்தினேன். அதற்காக மன்னிப்புக் கோருகிறேன்." கீழே, பெற்றோர் கையெழுத்து.

சேதப்படுத்தினாராம்! மழை ஒழுகும் வீட்டில் மகளின் படிப்பு நனைந்துவிடக் கூடாதே என்று தவித்தவர் சேதப்படுத்தினாராம்! ஐயா, அரசாங்கம் கொடுத்த எந்தத் தாளை நாங்கள் வெறுந்தாளாக வைத்திருக்கிறோம்? ரேஷன் கார்டுக்கு லேமினேஷன். பிறப்புச் சான்றுக்கு லேமினேஷன். செத்தவருடைய சான்றுக்கும் லேமினேஷன். எங்கள் தெருவில் ஒரு தாளுக்குச் செய்யும் மரியாதையே அதுதான். "இதை லேமினேஷன் செய்யாதீர்கள்" என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, அந்தச் சான்றிதழில் இருக்கிறதா? பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், ஐயா. வாழ்வியல் குறியீட்டுக்கு இடமிருந்தது, வாரியத்தின் முழக்கத்துக்கு மூன்று மொழியில் இடமிருந்தது. எங்கள் வாழ்க்கைக்கு அரை அங்குலம் இடமில்லை!

எனக்குக் கோபமாக இருக்கிறது. அதைவிட வெட்கமாக இருக்கிறது. அந்த இயந்திரத்தில் அந்தத் தாளைச் செருகியது இந்தக் கை. நேற்று மகா கடைக்கு வந்து, "பரவால்ல அண்ணா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அடுத்த வருடம் வீட்டில் என்ன நிலைமையோ, யாருக்குத் தெரியும்? பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு வருடம் என்றால் என்னவென்று இங்கிருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்ன ஐயா? திங்கட்கிழமை ஆபீஸுக்கு வரச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்கிறீர்களா? உங்கள் ஆபீஸ் திறப்பது பத்தரைக்கு. கோப்பு நகர்வது எப்போது என்று நீங்களே சொல்லுங்கள். கல்லூரி வாசல் நாலு மணிக்கு மூடும்.

அதனால்தான் ஐயா, இரண்டு தாள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று, முனியப்பண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய மன்னிப்புப் படிவம். இன்னொன்று, நீங்கள் போட வேண்டியது. நானே டைப் அடித்தது. "லேமினேஷன் கூடாது என வாரியம் அறிவிக்காததால், முதல் அணி மாணவர் இருபத்தாறு பேரும் கல்லூரி முத்திரையை இணைப்புத் தாளில் பெற்றுக்கொள்ளலாம்." இவ்வளவுதான். அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. வாரியத்தின் விதிப் புத்தகம் பதினேழாம் பக்கம்; ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். முத்திரை இல்லையே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாராட்டுப் பத்திரங்களில் குத்துவதற்காகப் பையில் கொண்டுவந்திருப்பதாக மாலை போடும்போது நீங்களே அம்புஜம் அம்மாவிடம் சொன்னீர்கள்.

யாருடைய தவறு, யாருடைய கையெழுத்து? இந்த மண்டபம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை, நாங்கள் காத்திருக்கிறோம்.

பேனாவா? இந்தாருங்கள், ஐயா. அங்கே, கடைசிக் கோட்டுக்கு மேலே. தேதியும் போட்டுவிடுங்கள். அம்புஜம் அம்மா, அந்த மைப்பெட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள்.

முத்திரை விழுந்தது! மை நின்றது! ஐயா, உங்களுக்கு நான் போர்த்தும் இந்தப் பொன்னாடை நிஜமாகவே மனமாரப் போர்த்துவது. இதுவரை நையாண்டி செய்ததற்கு வேண்டுமானால் நான் ஒரு மன்னிப்புப் படிவம் எழுதித் தருகிறேன்.

மகா, மேடைக்கு வாம்மா, இந்தத் தாளை நீ வாங்கிக்கொள். முனியப்பண்ணே, நீங்களும் வாங்க. இந்தாங்க உங்க படிவம். கிழிங்க. நல்லா கிழிங்க. ஐயோ, கீழ விழுந்ததப் பொறுக்கக் குனியாதீங்கண்ணே! இருபத்திரண்டு வருடமாக நாங்கள் போட்டதையெல்லாம் நீங்கள் அள்ளினீர்கள். இன்று நீங்கள் போட்டதை நாங்கள் அள்ளுகிறோம்.

இப்போது தட்டுங்கள். வந்தவர்களுக்கும், பொறுத்தவர்களுக்கும், கையெழுத்துப் போட்டவருக்கும் நன்றி. வணக்கம்!