பதினாறாம் ஜோடி

அன்பர்களே... பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? எனக்கு எழுதி வைத்துத்தான் பேச வரும். லேப்பில் வேலை செய்கிற உங்களுக்கு மூன்று விஷயங்கள்.

1. இருபது செல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.
2. அவசரப்படுகிறவன்தான் தவறவிடுவான்.
3. இன்னொருவர் கண்ணும் வேண்டும்.

இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறேன், சின்னதுதான். கதை என்ன கதை... எனக்கு நடந்தது.

ரத்தப் புற்றுநோயாளியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து, செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்ப்பது என் வேலை. எந்தத் துண்டு இடம் மாறியிருக்கிறது? அதை வைத்துத்தான் டாக்டர் வைத்தியத்தை முடிவு செய்வார்.

பவளக்கொடி என்று ஒரு பால்வாடி டீச்சர். இருபத்தொன்பது வயது. இருபது செல் பார்த்தேன். 'மாற்றம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டேன். மருந்தே போதும் என்று காட்டும் மாற்றம் எதுவும் இல்லையென்றால், அவள் தம்பியின் மஜ்ஜையை எடுத்து அவளுக்குச் செலுத்த வேண்டிவரும். அந்த வைத்தியத்திலேயே உயிர் போவதும் உண்டு. தம்பியும் வந்து வார்டு வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மதியம் எங்கள் டெக்னீஷியன் ரோஸ்லின் வந்தாள்.

"சார், மஜ்ஜை ஸ்லைடுல சில செல்லு விகாரமா இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. அப்படி இருந்தா பதினாறுலதான சார் மாற்றம் இருக்கும்? பதினாறாவது ஜோடியப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. இருபது செல்லும். ரெண்டு தடவை."

"நீங்க பாக்குற வேகத்துக்கு ஆமையே முந்திப் போயிடும், அது தெரியும் சார். இருந்தாலும்..."

"ரிப்போர்ட் போயாச்சேம்மா."

"ரிப்போர்ட்தான சார் போச்சு? சாம்பிள் இங்கதான இருக்கு?"

எனக்குக் கோபமா வந்தது? இல்லை. பயம். இவள் சொல்வது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எதற்காக வேண்டினேன்? அந்தப் பெண் பிழைக்கவா? இல்லை... என் கையெழுத்து பிழைக்க.

பதினாறில் சந்தேகப்பட்ட இடத்தின் இரு பக்கமும் ஒளிரும் சாயம் ஒட்டினோம். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. முறியாத குரோமோசோமில் இரண்டும் ஒட்டியே இருக்கும். மறுநாள் இருட்டறையில் பார்த்தேன். ஒன்றில் ஒட்டியிருந்தது. அதன் ஜோடியில்... சிவப்பு இங்கே, பச்சை அங்கே. அடுத்த செல்... அதுவும். அதற்கடுத்தது... அதுவும்.

துண்டு முறிந்து, அதே குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. எண்ணிக்கையும் குறையவில்லை, நீளமும் குறையவில்லை.

போனை எடுத்தேன். "டாக்டர்... என் ரிப்போர்ட் தப்பு."

என்ன மாற்றம் என்று கேட்டார், சொன்னேன். பிறகு, "இந்த வகை மருந்துக்கே நல்லா கேக்கும், சார். தம்பிய ஊருக்கு அனுப்பிடலாம்" என்றார்.

பவளக்கொடி இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். ஆனால் எனக்குத் தூக்கம் வந்ததா? முந்தைய பதினோரு வருஷ ரிப்போர்ட்டுகள்? சாம்பிள் மிச்சமிருந்தவற்றை எல்லாம் மறுபடி பார்த்தோம். நான் தவறவிட்டது இன்னொன்று கிடைத்தது. அந்த நோயாளி... அப்போது உயிரோடு இல்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் "சந்தேகமாயிருக்கு" என்றால் உங்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். பயத்தோடேயே ஸ்லைடை எடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். என் இரண்டாவது விஷயம்... இவ்வளவு சொல்லிவிட்டு அதை எப்படி விடுவது? நான் அந்த இரண்டு தடவையும் அவசரப்படவே இல்லை. நிதானமாகப் பார்த்துத்தான் தவறவிட்டேன். அந்த இரண்டாவது விஷயம் தப்பு. குறித்துக்கொண்டவர்கள் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.