கூட்டுக்கு எதிரே ஒரு மேடை

காப்பியில் சர்க்கரை போடும் முன் என்னைக் கேட்டீர்களே, அதற்கு நன்றி அம்மா. எங்கள் ஆற்றுப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கொதிக்கும்போதே பானையில் கொட்டிவிடுவார்கள். பிறகு எல்லோரும் அதே இனிப்பைக் குடிக்க வேண்டியதுதான்.

என் பெயர் உங்கள் வாக்குமூலத் தாளிலேயே இருக்கிறது. ஒஸ்மரீனோ. காட்டுக்குள் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாவதற்கு முன், குடியேற்றப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தால் எதையும் அதன் வரிசையில் சொல்வதே எனக்கு வசதி. நீங்கள் டோனா இயோலாந்தா என்ற அந்த அம்மாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் பறவையிலிருந்து தொடங்கவில்லையென்றால் நான் செய்தது உங்களுக்குக் காரணமில்லாததாகத் தோன்றும்.

டோனா எல்சீரா என்ற விதவையின் நிலத்தில் நிற்கும் கஸ்தன்யா என்ற கொட்டை மரத்தில் அரசக் கழுகு கூடு கட்டியிருந்தது. என் மைத்துனன் ததேவு கொட்டை பொறுக்கப் போனபோது மரத்தடியில் குரங்கு மண்டையோடுகள் கிடப்பதைப் பார்த்து, தலையைத் தூக்கி, கூட்டைக் கண்டான். உலகத்தில் இந்தக் கழுகைப் படமெடுக்க ஆசைப்படாத படக்காரர் இல்லை. பக்கத்து மரத்தில், பத்து மாடி உயரத்தில், கூட்டுக்கு நேரெதிரே நாங்கள் பலகை மேடை கட்டினோம். டோனா எல்சீராவுடன் எங்களுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. கூட்டில் பறவை இருக்கும்வரை வருகிற ஒவ்வொரு விருந்தினரின் கட்டணத்திலும் அவருக்கு ஒரு பங்கு. அதுவரை அந்த மரத்தையும் சுற்றியுள்ள காட்டையும் அவருடைய மகன்கள் தொடக்கூடாது. கூடு காலியானால் காடு மேய்ச்சல் நிலமாகும். மகன்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் என்னை நிறுத்திக் கேட்பார்கள்.

"என்ன வாத்தியாரே, உங்க கோழிக்குஞ்சு பறந்துடுச்சா? எங்க மாடு தினம் விசாரிக்குது."

நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். குஞ்சு வளர்ந்துகொண்டிருந்தது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அரசக் கழுகின் குஞ்சு மற்றப் பறவைகளைப் போல அவசரப்படுவதில்லை. சிறகு முளைத்த பிறகும் நெடுநாள் தாயின் இரைக்காகக் கூட்டுக்குத் திரும்பி வரும். ஆனால் ஒரு நாள் வராமல் போகும். அடுத்த வறண்ட பருவம் முழுவதற்கும் விருந்தினர்கள் பதிவு செய்திருந்தார்கள். அந்த ஒரு நாளுக்காகக் காத்துக்கொண்டிருப்பது என்னால் முடியாத காரியமாகிவிட்டது.

ஆகவே அது பறக்கத் தொடங்கும் முன்பே, தாய் இரை தேடிப் போயிருந்த நேரத்தில், மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும் தடித்த மேலங்கியும் அணிந்து கூட்டுக்கு ஏறினேன். குஞ்சின் காலில் மென்மையான தோல்வார் ஒன்றைப் பூட்டினேன். அதிலிருந்து பெரிய கெளுத்திகளைப் பிடிக்கிற தடித்த தூண்டில் நூலைக் கிளையில் கட்டினேன். கூட்டிலிருந்து மேடையின் பக்கம் நீண்டிருக்கும் பெரிய கிளையின் நுனிவரை அது நடந்து வர நூல் இடங்கொடுத்தது. தோல் உரசாமலிருக்க வாருக்கு உள்ளே துணி வைத்துத் தைத்திருந்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தாய் நாளடைவில் இரை கொண்டுவருவதை நிறுத்தியது. அன்றுமுதல் மூங்கில் கழியின் முனையில் கோழியைக் குத்தி மேடையிலிருந்து நானே நீட்டினேன். முதல் சில நாள்கள் அது தொடவில்லை. பிறகு தொட்டது. பிறகு என் தலை மேடைக்கு மேல் தெரிந்ததுமே கிளை நுனிக்கு வந்து காத்திருந்தது.

விருந்தினர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரிய விரும்பாதவர்களுக்குத் தெரியவில்லை. சாவோ பாவுலோவிலிருந்து வந்த ஒருவர் மட்டும் இறங்கும்போது என் தோளில் கைபோட்டு, "அடுத்த தடவை நூலைக் காலுக்குப் பின்பக்கமா விட்டுடுங்க, வாத்தியாரே. படத்துல அதை அழிக்கிறதுக்கு ராத்திரி பூரா உட்கார வேண்டியிருக்கு" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு நூலைப் பின்பக்கமாகவே விட்டேன்.

டோனா இயோலாந்தா மழைக்காலத்தில் வந்தார். அந்த மாதங்களில் எங்கள் முகாமில் நானும் ததேவும் தவிர யாரும் இருப்பதில்லை. அவர் பெலெங் நகரத்துக்காரர். பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் எடுக்கிறவர். என்னைவிட மூத்தவர் என்றாலும் என்னை அண்ணே என்றுதான் அழைத்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மேடையில் நெடுநேரம் படம் எடுத்தார். பிறகு கேமராவின் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, கால்ல இது என்ன?"

"சிலந்தி நூலுங்க."

"இத்தனை பெரிய சிலந்தியை எனக்குக் காட்டவே இல்லையே. அதையும் ஒரு படம் எடுத்திருப்பேன்."

நான் அவரிடம் பொய்யில் நிற்கவில்லை. டோனா எல்சீராவையும் மகன்களையும் மாட்டையும் பற்றி, இப்போது உங்களிடம் சொன்னதைப் போலவே, வரிசையாகச் சொன்னேன். ஒரு பறவையின் கால் ஒரு காட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். நகரத்துக்குப் போனதும் வனத்துறையில் சொல்லப்போவதாக அமைதியாகவே சொன்னார். நான் மறுபடியும் விளக்கத் தொடங்கியபோது, "நீங்க சொல்றதெல்லாம் நியாயமாத்தான் இருக்கு. ஆனா அதைக் கேட்டுட்டு அந்தப் பறவை தானா கட்டுப்படலையே, நீங்கதானே கட்டினீங்க" என்றார்.

மேடைக்கு இரண்டு கயிறுகள் உண்டு. ஒன்று ஆள் ஏறும் கயிறு. மேலே கிளையைச் சுற்றிவந்து இரு முனையும் தரையில் கிடக்கும். மற்றொன்று மெல்லியது, சிறு கப்பியில் ஓடுவது, பைகளுக்கு மட்டும். இறங்கும்போது வழிகாட்டி முதலில் இறங்குவான், பிறகு பைகள், கடைசியில் விருந்தினர். அன்றும் அப்படியே செய்தோம். நான் இறங்கினேன். அவருடைய பை இறங்கியது. கேமராவும் கைப்பேசியும் அதற்குள்தான் இருந்தன. அடுத்து அவர் இறங்க வேண்டும். நான் ஏறுகயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மறுமுனை மேலே போய், கிளையைச் சுற்றி, கீழே வந்து விழுந்தது. அதற்குப் பெரிய பலம் ஒன்றும் தேவைப்படுவதில்லை.

"ஒஸ்மரீனோ அண்ணே, கயிறு விழுந்திடுச்சு."

"நான்தாங்க எடுத்தேன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காலையில பேசுவோம்."

அவர் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. நான் பைக் கயிற்றில் தார்ப்பாயையும் வலைத்தொட்டிலையும் தண்ணீரையும் ஏற்றி அனுப்பிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஒரு நேரச் சாப்பாடுகூட நான் தவறவிடவில்லை. சோறு, அவரைக் கொட்டை, வறுத்த மரவள்ளி மாவு, கிடைத்த நாளில் பொரித்த மீன், குடுவையில் சர்க்கரை போடாத காப்பி. அவர் அப்படித்தான் குடிப்பார். முதலில் கூடையைச் சாப்பாட்டோடு கவிழ்த்துக் கீழே கொட்டினார்.  புதிதாகக் கட்டப்பட்ட எதுவும் முதலில் அப்படித்தான் செய்யும். மேடையில் நின்று கத்தியும் பார்த்தார். மழைக்காலத்தில் அந்த வழியே யாரும் வருவதில்லை. முகாமுக்குப் படகில் ஒரு மணி நேரம். அவருடைய மகள் முகாமுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டபோது, அம்மா இன்னும் சில நாள் தங்குகிறார், பறவை மிக நன்றாகக் காட்சி தருகிறது என்று பதில் எழுதினேன். அதில் பொய்யான சொல் ஒன்றுமில்லை. ததேவிடம் மட்டும் அவர் நகரத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். அவன் அடுப்படியில் நின்று என் பாத்திரத்தைப் பார்த்தான்.

"என்ன மச்சான், ரெண்டு ஆளுக்கு வடிக்கிற? வயித்துல குடித்தனம் வச்சிருக்கியா? அக்கா ஊர்ல இல்லாத நேரத்துல எவளையாவது காட்டுக்குள்ள உக்கார வச்சிருக்கியா?"

பறவைக்கு என்றேன். அரசக் கழுகு எப்போதிருந்து அவரைக் கொட்டை தின்கிறது என்று கேட்டுவிட்டு வலையைப் பின்னப் போய்விட்டான்.

இனி நான் சொல்வதை நீங்கள் கவனித்துப் புரிந்துகொள்ள வேண்டும். யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன் என்று அவர் விரைவிலேயே ஒப்புக்கொண்டார். மகள் பேரில் சத்தியம் செய்தார். நான் மரத்தடியில் உட்கார்ந்து அந்தச் சத்தியத்தை நேர்மையாக எடைபோட்டுப் பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் கயிறில்லாமல் இருக்கிற ஒருவர் கொடுக்கிற வாக்குக்கு என்ன மதிப்பு? கீழே வந்தால்தான் அது உண்மையா என்று தெரியும். உண்மையில்லையென்றால் அவர் கீழே வந்துவிட்டிருப்பார். அவர் மறுத்தபோதும் என்னால் இறக்க முடியவில்லை, சம்மதித்தபோதும் இறக்க முடியவில்லை. அந்த நாள்களில் மேலே இருந்தவர் அவர் மட்டுமல்ல. நானும் இறங்க வழியில்லாத இடத்தில்தான் இருந்தேன். இதை அவரிடம் சொன்னேன். 

"அப்ப நீங்களாவது வீட்டுக்குப் போய்த் தூங்குறீங்களே அண்ணே" என்றார்.

பறவையின் உணவு ஒரு சிக்கலாகிவிட்டது. மேடையில் அவர் இருக்கும்போது நான் ஏறுவதற்கில்லை. அதனால் கூடையில் கோழியை அனுப்பி, மூங்கில் கழி தார்ப்பாய்க்குப் பின்னால் இருக்கிறது, அதில் குத்தி நீட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் செய்யவில்லை. பசியில் பறவை இடைவிடாமல் கூவத் தொடங்கியதும் செய்தார். அன்று நான் மிகவும் நெகிழ்ந்துபோனேன். கழி நீள்வதையும் அது நுனிக்கு வந்து வாங்கிக்கொள்வதையும் கீழிருந்து பார்த்தேன். இனி அவருக்கும் புரிந்துவிடும் என்று நம்பினேன். இறைச்சி பெரிதாக இருக்கிறது, நறுக்கிக் கொடுக்க வேண்டும், கத்தி அனுப்புங்கள் என்று கேட்டபோது சந்தேகப்படாமல் அனுப்பினேன்.

மறுநாள் நான் போனபோது கத்தி கழியின் நுனியில் கட்டப்பட்டிருந்தது. இறைச்சியை மேடை விளிம்பில் வைத்துப் பறவையைக் கிளை நுனிக்கு வரவழைத்து, எட்டி, நூலை அறுத்துக்கொண்டிருந்தார். நான் கீழிருந்து நிறுத்தச் சொன்னேன். நூல் அறுந்தது. அறுந்த துண்டு வாரிலிருந்து தொங்கியது. பறவை நூலில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"போ" என்றார் அவர். "போயேன்டி. போயிடு." கழியால் கிளையைத் தட்டினார். பறவை கழியின் நுனியில் இறைச்சி இருக்கிறதா என்று பார்த்தது. அவர் அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னார். அது சிறகைக்கூட விரிக்கவில்லை.

பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். 

அதன் பிறகுதான் அவர், ஏறும்போது கட்டிய தன் இடுப்பு வாரைப் பைக் கயிற்றில் மாட்டினார். அந்தக் கயிறு ஆளுக்கானதல்ல என்று வந்த முதல் நாளே, வழக்கமான எச்சரிக்கைகளோடு, தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொன்னேன். அவர் கீழே என்னைப் பார்க்கவில்லை. பாதி தூரம்வரை கயிறு தாங்கியது.

அவர் உடனே இறந்தாரா என்று நேற்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. மருத்துவரின் அறிக்கை வருவதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை. இல்லை. மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது, என் முகத்தில்தான் இருந்தது. படகு கரையில் நின்றது. ஆற்றின் வளைவுக்கு அப்பால் குடியேற்றத்தில் மருத்துவப் பணியாளர் இருக்கிறார். இவை எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மேலே பறவை கட்டில்லாமல் இருந்தது, பசித்திருந்தது. பசி முற்றினால் எந்த நேரமும் அது கிளம்பிவிடக்கூடும். கிளம்பினால் வேட்டையாடத் தெரியாமல் செத்துப்போகும். அதற்கு என்னைவிட்டால் யாருமில்லை.

கவணில் ஈயக் குண்டை எய்து கிளைக்கு மேல் நூல் போட்டு, ஏறுகயிற்றை மறுபடி மேலேற்றுவது பொறுமை கேட்கிற வேலை. பல முறை தவறியது. அவர் ஏதோ சொல்ல முயன்றார். நான் என் சட்டையைக் கழற்றி அவர் தலைக்கடியில் வைத்தேன். ஏறி, கோழியை நீட்டி, அது தின்றுகொண்டிருக்கும்போது கொக்கி கட்டிய கழியால் அறுந்த நூலை இழுத்து, புது நூலோடு முடிந்தேன். இறங்கி வந்தபோது அவரிடம் மூச்சில்லை. ததேவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவித்த அவரைக் கொட்டை பற்றிய சந்தேகம் தீராமல் என் பின்னாலேயே வேறு படகில் வந்திருக்கிறான். உங்களை அழைத்தது அவன்தான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

அப்படியென்றால் அவரை நான் கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் முடிச்சுப் போட்டபோது அந்தப் பறவை திமிறவில்லை, அம்மா. தின்றுகொண்டே காலை என் பக்கம் நீட்டிக்கொடுத்தது. அதையும் சேர்த்து எழுதுங்கள். இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் டோனா இயோலாந்தாவுக்கும் பழகியிருக்கும்.