நீச்சல் குளத்தை மூடும் முறை

வெந்நீர் ஆறாமல் இருக்க வேண்டுமென்றால் அதை மூடி வைக்க வேண்டும். எல்லா வீட்டு அடுப்படியிலும் தெரிந்த விஷயம் இது. நான் இத்தனை வருஷமாகச் செய்த வேலையும் அதுதான் ஐயா. பாத்திரம்தான் கொஞ்சம் பெரிது.

எங்கள் ரிசார்ட் மலைமேல் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் விரல் மடங்காத குளிர். அதனால் நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கியே வைத்திருப்பார்கள். குளத்தில் ஆள் இல்லாதபோது மேலே ஒரு விரிப்பு போட வேண்டும். நீல நிற ரப்பர், கட்டைவிரல் தடிமன். ஓரமெல்லாம் கனத்துக்காகச் சங்கிலி வைத்துத் தைத்திருக்கும். போட்டுவிட்டால் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆழமில்லாத பக்கத்தில் ஓர் உருளையில் அதைச் சுற்றி வைத்திருப்போம். ஒருவன் உருளையைப் பிடித்து விட்டுக்கொடுக்க, இன்னொருவன் எதிர்ப்பக்கம் நின்று கயிற்றால் இழுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. இழுப்பது நான்.

விரிப்பு போடும் முன் குளத்து விளக்குகளை அணைத்துவிடுவோம். நான் நிற்கும் ஆழமான பக்கத்தில் மட்டும் படிக்கட்டு விளக்கின் வெளிச்சம் விழும். அதனால் தண்ணீரில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. "ஆளில்லே" என்று நான் குரல் கொடுத்த பிறகுதான் மச்சான் உருளையை விடுவான். மேலிடம் சொல்லித் தந்ததில்லை. நாங்களாக வைத்துக்கொண்ட முறை.

விரிப்பு விழுந்ததும் அடியில் காற்று சிக்கி அங்கங்கே மேடாக நிற்கும். அதை அப்படியே விட்டால் மலைக்காற்று விரிப்பைப் புரட்டிவிடும். நுனியில் துணி சுற்றிய நீளக் கம்பு ஒன்று உண்டு. அதைக்கொண்டு மேட்டை அமுக்கிவிட வேண்டும். அது மச்சான் வேலை. குழந்தை மாதிரி ஆசையாகச் செய்வான்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இதில் எங்கேயும் பூட்டு இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வேலி இல்லை, கதவு இல்லை. இரவு முழுக்க நீச்சல் என்று எங்கள் முகப்பில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். யார் எந்த நேரத்தில் வந்து கேட்டாலும் விரிப்பைச் சுருட்ட வேண்டும். அவர் போனதும் போட வேண்டும்.

சலவை அக்கா செத்தது அப்படித்தான். துண்டுகள் துவைக்கிற பிரிவில் இருந்தவர். குளிரில் என் கை விறைத்துப் போயிருந்தால், துணி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த துண்டு ஒன்றைக் கையில் சுற்றிவிட்டு, "கை இருந்தாத்தானே சாப்பாடு" என்று சொல்லிப் போவார். ஒரு விடிகாலை இருட்டில் துண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். விரிப்பின்மேல் இலை உதிர்ந்து கிடந்ததில் அது தரை மாதிரித் தெரிந்திருக்கிறது. கால் வைத்துவிட்டார். காலையில் விரிப்பைச் சுருட்டியபோது துண்டுகள்தான் முதலில் வந்தன.

வேலைக்காரர்கள் குளத்துப் பக்கம் வரக்கூடாது என்று ஒரு பலகை மாட்டினார்கள். அதோடு முடிந்தது.

நான் மேலாளரிடம் போனேன். கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினேன். பொழுது சாய்ந்ததும் குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பூட்டிவிடலாம், மறுநாள் வெளிச்சம் வந்து திறக்கலாம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். இரவு நீச்சலுக்காகத்தான் பாதிப் பேர் மலையேறி வருகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். நான் மறுபடியும் போனேன். மூன்றாம் முறை போனபோது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஏம்ப்பா, தங்க வந்தவங்கள்ல யாருக்காவது ஏதாச்சும் ஆச்சுன்னா மறுநாளே பூட்டிடப் போறோம். அதுவரைக்கும் என் உயிரை எடுக்காதே."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அது உண்மை என்பது எனக்கு உறைத்தது. எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காத காரியம் எதனால் நடக்கும் என்று அவரே சொல்லிவிட்டார். அன்றைக்குத் திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. வழி தெரிந்துவிட்டால் பாதி பாரம் குறைந்துவிடும் இல்லையா.

அவசரப்படவில்லை. குழந்தைகளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஜோடியாக வருகிறவர்களையும் விட்டுவிட்டேன். ஒருவர் போய் ஒருவர் நிற்பது பாவம். தனியாக வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். வீட்டில் யார் யார், அம்மா இருக்கிறாரா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள். வந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. என்னை அன்பான ஆள் என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனவர்களும் உண்டு.

அப்போதுதான் தவளை ஐயா வந்தார். அந்தப் பெயர் மச்சான் வைத்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நீந்த மாட்டார். ஆழமான பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி, அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். விளக்கை அணைக்கச் சொல்வார். இருட்டில், வெந்நீருக்கு அடியில் அப்படியொரு நிம்மதி என்பார்.

"மாமா, இவர் அடியில உக்காந்து முட்டையிடப் போறாரு பாருங்க. நாளைக்குக் குளம் பூரா குஞ்சு" என்று மச்சான் என் காதில் சொல்லிச் சிரிப்பான்.

நான் அவரிடமும் வழக்கம்போல் விசாரித்தேன். "எனக்கு யாருப்பா இருக்கா? ஒண்டிக்கட்டை" என்றார். சலிப்பாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் கிடையாது. சொல்லப்போனால் பிடித்திருந்தது.

அன்றைக்கு நள்ளிரவு தாண்டியும் அவர் குளத்தில் இருந்தார். மச்சான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், நாற்காலியில் கிடந்த அவருடைய துண்டை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டேன். செருப்பைச் செடிக்குப் பின்னால் தள்ளினேன். மச்சான் வந்து காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு உருளைப் பக்கம் போனான். அவன் நிற்கும் இடத்தில் வெந்நீர் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நான் நிற்கும் பக்கத்தில் சாதாரணமாகப் பேசினால் அங்கே கேட்காது, உருளை மறைப்பதால் என் பக்கத்துத் தண்ணீரும் தெரியாது.

தவளை ஐயா அடியில் இருந்தார். "ஆளில்லே" என்று குரல் கொடுத்தேன். பொய் என்று பார்த்தால், அன்றைக்கு நான் சொன்னது அந்த ஒன்றுதான்.

விரிப்பு முக்கால் குளத்தை மூடியபோது அவர் மேலே வந்தார். நான் இழுப்பதை நிறுத்தினேன். முகத்து நீரை வழித்துவிட்டுக்கொண்டு விரிப்பைப் பார்த்தார்.

"மூடப் போறீங்களா? ஒரே ஒரு தடவை முங்கிட்டு வந்துடறேனே."

"முங்குங்க ஐயா, நான் இருக்கேன்" என்றேன்.

நன்றி சொன்னார். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் மிச்சத்தை இழுத்துக் கயிற்றைக் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் விரிப்புக்கு அடியில் தட்டும் சத்தம் கேட்டது. வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. அதற்குள் மச்சான் கம்போடு கரையில் வந்துகொண்டிருந்தான். விரிப்பின் நடுவே ஒரு மேடு எழும்பி நின்றது.

"இன்னைக்குக் காத்து ரொம்ப சிக்கியிருக்கு மாமா."

"அமுக்கி விடு மாப்ள."

அமுக்கினான். மேடு நகர்ந்தது. "ஐயோ, ஓடுது பாருங்க, திருட்டுக் காத்து" என்று சிரித்துக்கொண்டே பின்னால் போனான். ஓரத்துக்கு வந்த மேட்டையும் அமுக்கினான். அங்கே ஒரு நொடி அவன் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் மறுபடி அமுக்கினான். பிறகு விரிப்பு சமமாகிவிட்டது.

அந்தக் கம்பை நான் தொடவில்லை. இதைத் தற்காப்புக்காகச் சொல்லவில்லை. நடந்தது அப்படி.

காலையில் விரிப்பைச் சுருட்டியபோது மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டான். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்து கேட்டபோது அவனாகவே எல்லாம் சொன்னான். கம்பில் கனம் தெரிந்தது, காற்று அப்படிக் கனக்காது, தெரிந்தும் அமுக்கினேன் என்றான். அதோடு நிற்கவில்லை. மாமாவுக்குக் கண் மங்கல், அன்றைக்குப் பார்த்துச் சொல்ல வேண்டியவனும் நான்தான், அவரை விட்டுவிடுங்கள் என்றான். அக்கா குடும்பமாவது தப்பட்டும் என்று நினைத்திருக்கிறான். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவன் பொய் சொன்னவன் ஆகியிருப்பான்.

இன்னொன்றையும் யோசித்தேன். மச்சானின் அசட்டையால் நடந்த விபத்து என்றுதான் எழுதினார்கள்; விபத்து என்றால் குளத்தைப் பூட்டுவார்கள். ஒருவன் வேண்டுமென்றே செய்தான் என்று தெரிந்தால் அவனைப் பிடித்துப் பூட்டிவிட்டுக் குளத்தைத் திறந்துவிடுவார்கள். அப்புறம் அந்த மனிதர் செத்ததற்கு என்ன பயன்? அவருக்காகவும்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

நினைத்தபடியே நடந்தது. மறுநாளே வேலி அடிக்க ஆள் வந்தது. பொழுது சாய்ந்ததும் நானே பூட்டினேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இரவில் அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

நானும் தூங்கினேன். படுக்கை விரிக்கும்போது மட்டும் வெளியே போய்விடுவேன். என் மனைவி போர்வையை உதறிப் போடுவாள் இல்லையா, அது உப்பி நின்று மெதுவாக அடங்கும். அதைப் பார்க்காமல் இருந்தால் ஒன்றுமில்லை. போர்த்திக்கொள்வதும் இல்லை. எனக்கு உடம்புச் சூடு அதிகம்.

மனைவி முதலில் அழுதுகொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் ஜெயிலில் தம்பியைப் பார்த்துவிட்டு வந்து, கொண்டையைக்கூட அவிழ்க்காமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க கண்ணு எப்பலேர்ந்து மங்கல்?"

அவளுக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவது நான்தான். அன்றிலிருந்து ஊசியை அவளே விளக்கடியில் கொண்டு போய்க் கோக்கிறாள். நூல் நுழைகிற வரைக்கும் என் பக்கம் திரும்ப மாட்டாள்.

அப்புறம் ஓர் அம்மா வந்தார். தவளை ஐயாவின் அக்கா. எனக்கு அது பெரிய அதிர்ச்சி. ஒண்டிக்கட்டை என்று அவர் வாயால் சொன்னதை நம்பித்தான் நான் முடிவுக்கு வந்தேன். இப்படியொரு அக்கா இருப்பதை மறைத்தது அவர் செய்த தப்பு. அந்த அம்மா குளத்தங்கரையில் உட்கார்ந்து, சின்ன வயசில் தம்பி தொட்டித் தண்ணீரில் முகத்தை அமுக்கிக்கொண்டு, அக்கா வரச் சொல்கிற வரைக்கும் வெளியே வர மாட்டான் என்றார். கடைசியாகத் தம்பியோடு பேசினது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"என்னப்பா சொன்னான்?"

"நன்றின்னு சொன்னாரும்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் கை சில்லென்று இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் போகும்வரை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். வேலியைப் பிடுங்கச் சொன்னார். இப்போது புது விரிப்பு வந்திருக்கிறது, பொத்தானை அழுத்தினால் தானாக மூடிக்கொள்ளும். ஒரு ஆள் போதும். இரவு நீச்சல் மறுபடி ஆரம்பம், அவரவர் பொறுப்பில் நீந்தலாம் என்று பலகை. பொத்தானுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்பதால் என்னையே போட்டிருக்கிறாராம். நான் அவரிடம் வாதாடவில்லை. வாதாடி ஆகாது என்பது எனக்கு முன்பே தெரியும். இன்னொருவரைத் தேடலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதைத்தான் மனசாட்சி என்பார்கள் போலிருக்கிறது. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, இரவில் குளத்தைப் பூட்டியிருந்தால் இந்தச் சாவு நடந்திருக்காது, இனிமேல் பூட்ட வேண்டும் என்றும் எழுதுங்கள். இரண்டும் ஒரே தாளில் இருக்க வேண்டும். இருந்தால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இரண்டாவதை எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நான் பேசினது எதுவும் இல்லை என்று எழுந்து போய்விடுகிறேன். அவன் இன்னும் கொஞ்ச காலம் உள்ளே இருக்கட்டும். தங்கமான பையன், மாமாவைத் தப்பாக நினைக்க மாட்டான்.