காரம் ஆகாது

"இந்தப் பொம்பளயோட ஊட்டுக்காரருகிட்ட நோவு இன்னதுன்னு சொல்லிப்போட்டாங்க நங்கையா," என்றாள் முன் சீட்டில் இருந்தவள்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலம் போகும் டவுன் பஸ். அவள் மடியில், புற்றுநோய்க்குக் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி தானே படம் வரைந்து எழுதிய புத்தகம். பக்கத்தில், அவள் நங்கையா என்று கூப்பிட்ட நாத்தனார், செத்துப்போன புருஷனின் அக்கா.

"அதையெல்லாம் எதுக்கு அம்மணி படிக்கறே? மூடி வை."

"உங்க தம்பிகிட்ட அல்சருன்னுதான சொன்னீங்க."

"கேன்சருன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே உசுர உட்டிருப்பான்."

"இங்க பாருங்க. சாவறதுக்கு மொத நாளு மீன்கொழம்பு ஊட்டறா. அவரு சிரிச்சுக்கிட்டே திங்கறாரு."

அக்கா படத்தைப் பார்க்கவில்லை.

"உங்க தம்பி மூணு மாசமாக் கறிக்கொழம்பு கேட்டாரு. அல்சருக்குக் காரம் ஆகாதுன்னு நீங்க உடவேயில்லை. நானும் மோர்சோத்தையே பெசஞ்சு குடுத்து, புண்ணு ஆறட்டும்னு சொன்னேன்."

"கொழம்பு குடுத்திருந்தா அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. நானும்தான்.

"படையலுக்கு மட்டும் ஒரு சட்டி கறிக்கொழம்பு வெச்சீங்களே நங்கையா. அப்ப புண்ணு ஆறிடுச்சுங்களா?"