காலையில் முடிந்த ஆட்டம்

பேஸ்பாலைத் தனியாகப் பார்க்க முடியாது. பாதி நேரம் எல்லாரும் சும்மா நிற்பார்கள். ஒருவன் துப்புவான், ஒருவன் தொப்பியைச் சரிசெய்வான். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்தான் அதைக் கேலி செய்ய முடியும். எனக்கு அந்த ஆள் கிளாரன்ஸ்.

செரீனா, நடந்ததை எழுதித் தரச் சொன்னாய். படித்த பிறகுதான் உன் அப்பாவிடம் காட்டுவதா என்று முடிவு செய்வாயாம். நியாயம்தான். முப்பத்திரண்டு வருடம் தோட்ட ஆபீசில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணியாக இருந்தவன் நான், எழுதுவதில் சிரமமில்லை. ஒன்றையும் விடாமல் எழுதச் சொன்னதால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன்.

உன் அப்பா கிளாரன்ஸ் என் மனைவி சூசனுக்கு அண்ணன். கோலசிலாங்கூர் பக்கம் ஒரே தோட்டத்தில் வேலை செய்தோம். அவன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். தோட்டம் கைமாறியதும் புக்கிட் செந்தோசாவில் ஒரே வரிசையில் வீடு வாங்கினோம். உன் அம்மா இறந்தபின் அவனுக்கு இரவுச் சோறு எங்கள் வீட்டில்.

காற்பந்துச் சேனலுக்குக் கட்டணம் ஏறியபோது சூசன் அதை நிறுத்தச் சொன்னாள். மிச்சமிருந்த ஒரு விளையாட்டுச் சேனலில் தினமும் மாலை ஏழு மணிக்கு அமெரிக்க பேஸ்பால்.

“என்னா மச்சான் இது? ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைங்க ஆடுற ரவுண்டர்ஸ் லா இது,” என்றான் கிளாரன்ஸ். “கையில பாரு, தலகாணியக் கட்டிக்கிட்டு நிக்கிறான்.”

“பந்து வர்ற வரைக்கும் அதுல தூங்கலாம்ல.”

இரண்டு வாரம் கேலி செய்தான். மூன்றாம் வாரம் ஆறரைக்கே வந்து உட்கார்ந்தான். நீலத் தொப்பிக்காரர்கள் எங்கள் ஆட்கள் ஆனார்கள். பெயர்கள் வாயில் நுழையவில்லை. தாடிக்காரன், நெட்டையன், சூயிங்கம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

இங்கே ஒரு விவரம். அமெரிக்காவில் இரவு ஏழு மணி என்றால் நமக்குக் காலை ஏழு மணி. நாங்கள் மாலையில் பார்த்தது காலையிலேயே முடிந்துபோன ஆட்டம். ஆனால் திரையில் மைதான விளக்குகள் எரியும். எங்கள் தாமான் குடியிருப்பிலும் அப்போதுதான் தெருவிளக்கு எரியத் தொடங்கும். அங்கேயும் இருட்டு, இங்கேயும் இருட்டு. இப்போதுதான் ஆடுகிறார்கள் என்று கிளாரன்ஸ் நினைத்துக்கொண்டான். நான் அப்படிச் சொன்னதில்லை. அவன் கேட்டதுமில்லை.

ஒருநாள் காலைக் கோப்பி குடிக்கும்போது போனில் ஆட்ட முடிவு தானாக வந்து நின்றது. அன்று மாலை விளையாட்டாகச் சொன்னேன்.

“ஏழாவது இன்னிங்ஸ்ல தாடிக்காரன் பந்தை மைதானத்துக்கு வெளிய அனுப்புவான் பாரு.”

“அவனா? நேத்தெல்லாம் காத்தத்தான் அடிச்சான்.”

ஏழாவது இன்னிங்ஸில் தாடிக்காரன் அனுப்பினான். கிளாரன்ஸ் பந்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

அன்றே சொல்லிச் சிரித்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் கடலோரம் ஜெராமுக்குப் போய் எனக்கென்று பெரிய நண்டு வாங்கி வந்தான். நண்டைச் சாப்பிட்டுவிட்டு எப்படிச் சொல்வது?

நான் பேராசைக்காரன் இல்லை. தினமும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை வேண்டுமென்றே தவறாகச் சொல்வேன், மனுஷன்தானே என்று தோன்ற வேண்டும். கிளாரன்ஸ் சொல்லிக் கேள்விப்பட்டு முனை வீட்டு நாகமணி, மகனுக்கு வேலை மாற்றல் கிடைக்குமா என்று கேட்டு வந்தாள். தீபாவளி கழியட்டும் என்றேன். கழிந்தது, கிடைத்தது. அதில் என் பங்கு எதுவுமில்லை. சூசன் மட்டும் சிரித்தாள். “வீட்டுச் சாவிய எங்க வச்சோம்னு தெரியாது, இவரு அமெரிக்காவுல நடக்கப்போறத சொல்றாரு.”

தோட்டத்தில் எல்லாக் கடிதமும் என்னிடம்தான் வரும். நான் படிப்பேன். என்ன செய்வது என்றும் நானே சொல்வேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பத்து வருடம் எவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

போன அக்டோபரில் கிளாரன்ஸின் இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்தது. அவனுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. நீ அப்போது பினாங்கில் வேலையில் இருந்தாய். கிளினிக்கில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை என்னிடம் நீட்டினான். இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

“வெட்டணும்னு எழுதியிருக்கானா மச்சான்?”

“சுண்டுவிரல எடுக்க வேண்டியிருக்கும்னு எழுதியிருக்கு. நாளைக்கே ஆஸ்பத்திரில சேரணுமாம்.”

“நீ என்னா சொல்ற?”

“நான் டாக்டரா?”

“டாக்டருக்கு வெட்டத்தான் தெரியும் லா. நடக்கப்போறது உனக்குத்தான தெரியும்.”

விரலைப் பார்த்தேன். மங்குஸ்தான் பழத்தோலின் கருஊதா நிறத்தில் இருந்தது.

“ஆறிடும்,” என்றேன்.

அவன் பயந்திருந்தான். பயந்தவனுக்கு ஆறுதல் சொல்வது தவறில்லை. இறுதிச் சுற்று ஏழு ஆட்டம், இன்னும் ஐந்து மிச்சமிருந்தன. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். சூசன் கேட்டபோது, மருந்துச் சீட்டு என்றேன்.

ஆறு நாள் கழித்து அறையில் ஒரு வாடை வந்தது. சூசன் எலி செத்திருக்கிறது என்று சோபாவை நகர்த்திப் பார்த்தாள். கிளாரன்ஸும் குனிந்து தேடினான்.

எட்டாம் நாள் ஏழாவது ஆட்டம். கிளாரன்ஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தான். நீலத் தொப்பி ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜெயிக்கும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். ஐந்தாவதில் சூசன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்னாங்க, அண்ணனுக்கு நெருப்பா கொதிக்குது. கிளம்புங்க.”

“ஒன்பதாவது முடியட்டும் லா,” என்றான் கிளாரன்ஸ். பல் கிட்டியது.

“முடியட்டும்,” என்று நானும் சொன்னேன்.

எப்படி முடியும் என்று எனக்குக் காலையிலேயே தெரியும். ஆனால் முடியும்போது அவன் என்னைப் பார்ப்பான். அதற்கு மறு ஒளிபரப்பு கிடையாது.

ஒன்பதாவதில் தாடிக்காரன் அடித்தான். கிளாரன்ஸ் என்னைப் பார்த்தான். கைதட்ட எழுந்தான், விழுந்தான். ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எட்டு நாள் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சூசனிடம் சொன்னார். நான் அப்போது கார் நிறுத்தச் சீட்டுக்குப் பணம் கட்டப் போயிருந்தேன்.

மறுநாள் கட்டிலருகே தனியாக உட்கார்ந்திருந்தேன். கிளாரன்ஸ் கால் இல்லாத இடத்தில் போர்வையைத் தடவினான்.

“இது உனக்குத் தெரியலையா மச்சான்?”

சொல்லிவிடுவதற்கு அதுதான் சரியான நேரம். அதை நான் மறுக்கவில்லை.

“தெரியும்,” என்றேன். “சொல்லியிருந்தா நீ தாங்கியிருப்பியா?”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணோரம் வழிந்தது.

“அதானே. சொல்லியிருந்தா எட்டு நாளும் தூங்கியிருக்க மாட்டேன். நீயே தனியாச் சுமந்திருக்க பாரு.”

ஆமாம் என்றேன். அவன் கண்ணைத் துடைத்துவிட்டேன். நடிப்பு இல்லை.

அவன் சக்கர நாற்காலி ஏறுவதற்காக என் வீட்டு வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டுக் கொடுத்தேன். நீகூட நன்றி சொன்னாய். புதிய பருவம் தொடங்கியதும் மறுபடி ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். “இனிமே ஒரு செருப்பு வாங்குனா போதும் மச்சான், இன்னொன்ன உனக்குத் தரேன்,” என்று அவனே கேலி பேசினான். நல்ல மாலைகள்.

போன ஞாயிறு கோயில் முடிந்து நீ இங்கே கோப்பி குடிக்க வந்தாய். மேசைமேல் என் போன் மின்னியது. மாலையில் உன் அப்பாவோடு நீயும் உட்கார்ந்து பார்த்தாய். நான் சொன்னது நடந்தது. நீ வாசலில் என்னை நிறுத்தி, “மாமா, இந்த ஆட்டம் காலையிலயே முடிஞ்சிருச்சே,” என்றாய். குரலை உயர்த்தவில்லை. கிளினிக் கடிதம் எங்கே என்றும் கேட்டாய். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். கிராணி எதையும் கிழித்துப் போட மாட்டான்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். போனைப் பார்த்துச் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து நான்கு நாளாகிறது. நீயும் அதைத்தானே எதிர்பார்த்தாய்.

நேற்று உன் அப்பா வலது காலைத் தூக்கிக் காட்டினான். குதிகாலில் ஒரு கொப்புளம், சின்னதுதான். “இது என்னா ஆகும் மச்சான்?” என்றான். சற்று நேரம் பார்த்தேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

நீ கவலைப்பட வேண்டாம், செரீனா. இந்த முறை தானாகவே தெரிந்தது.