வழியில் இறந்தவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஐந்து மருத்துவமனைகளின் இயக்குநர்களே, செவிலியரே, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே, துயரோடு முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

ஐந்து இயக்குநர்களும் ஒரே மேடையில், அதுவும் குறித்த நேரத்துக்கு! இன்று நாம் அஞ்சலி செலுத்த வந்திருக்கும் அவர் இருந்திருந்தால் நம்பியிருப்பாரா?

நம் மூத்த இதய மருத்துவர் யாரையும் நம்பாதவர். "வெளிய மழைன்னு சொன்னாக்கூட கையை நீட்டிப் பாத்துட்டுதான் நம்புவாரு" என்பார் அண்ணி. அவருக்கு அடுத்த அறையில் இருபது ஆண்டு மருத்துவம் பார்த்த என்னையும் அவர் நம்பியதில்லை. அதில் தவறும் இல்லை.

மாரடைப்பில் இதயம் துவண்டு, இரத்தத்தைத் தள்ள முடியாத அதிர்ச்சி நிலையில் நம்மிடம் வந்தவர்களில் பாதிப்பேர் பிழைக்கவில்லை. அதனால் ஐந்து மருத்துவமனைகளும் கைகோத்தோம். எல்லோருக்கும் ஒரே தொலைபேசி. எங்கே சிகிச்சை வசதி உண்டோ அங்கே நோயாளியை அனுப்புவோம். ஆறே மாதத்தில் சாவு பாதியானது. கேக் வெட்டினோம்.

அவர் கேக்கைத் தொடவில்லை. "குறைஞ்சது சரி. செத்தவங்க எங்கய்யா போனாங்க?" என்றார். மறுநாள் ஆம்புலன்ஸ் கொட்டகைக்கே போய்விட்டார். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்: "என் வண்டியிலதான் சார். கடைசி மூச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி ஏத்தி விட்டுடுவாங்க. வழியில போனா யார் கணக்குலயும் வராதில்ல?"

வழியில் இறந்தவர் எந்த மருத்துவமனையிலும் இறக்கவில்லை! என்ன அருமையான சிகிச்சை! அதை நானும் அளித்திருக்கிறேன். இருவருக்கு.

அதன்பின் அவர் ஒரே வரியில் ஒரு விதி எழுதினார்: நோயாளி முதலில் எந்த வாசலில் நுழைந்தாரோ, மரணம் அந்த வாசலுக்கே உரியது. அன்றுமுதல் நாம் இழுத்தடிக்கவில்லை. நோயாளி நுழைந்த பத்தாவது நிமிடமே, வசதியுள்ள இடத்துக்கு அனுப்பத் தொலைபேசியை எடுத்தோம். அடுத்த ஆண்டு சாவு மெய்யாகவே குறைந்தது. ஓட்டுநரிடம் விசாரித்த பிறகே அவரும் ஒத்துக்கொண்டார்.

அன்பர்களே! கையிலுள்ள இரங்கல் தீர்மானத்தைப் புரட்டுங்கள். முதல் பக்கம், "ஈடுசெய்ய முடியாத இழப்பு". இரண்டாம் பக்கம், "அன்னாரின் விதியைக் காலத்துக்கேற்ப மறுபரிசீலனை செய்தல்". அவர் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அதற்குள் காலம் மாறிவிட்டதா?

என் மருத்துவமனை இயக்குநரைக் கேட்டேன். "அது சும்மா சம்பிரதாயம்பா" என்றார். நான் நம்பவில்லை.

முதல் பக்கத்துக்கு மௌனமாக எழுந்து நிற்போம். இரண்டாம் பக்கம் வந்தால் நான் உட்காரவும் மாட்டேன், மௌனமாக இருக்கவும் மாட்டேன். ஓட்டுநர்களே, செவிலியரே, நீங்களும் நில்லுங்கள். வழியில் ஒருவர் இறந்தால், அவர் எந்த வாசலிலிருந்து, எத்தனை மணிக்குப் புறப்பட்டார் என்று இனி நான் கேட்பேன். முதலில் என் வாசலில்.